வீட்டை விட்டு வந்த பதினேழு வயதும் கதவைத் திறந்த சித்தியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

முதலில் கவனித்தவர் வகுப்பு ஆசிரியர். சிங்கப்பூரில், அங் மோ கியோவில் உள்ள தொழில்நுட்பக் கல்விக் கழகக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன். வழக்கமாகப் பத்து நிமிடம் தாமதமாக வருகிறவன், ஒரு வாரமாகக் காலை 7 மணிக்கே வந்து உட்கார்ந்திருக்கிறான். யாரோ பேனா கேட்க, அவன் பென்சில் பையைத் திறந்தான். உள்ளே இரண்டு பேனா, ஓர் அளவுகோல், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு டூத்பிரஷ். ஆசிரியரும் தமிழர்தான். அப்போது எதுவும் கேட்கவில்லை. மதியம் தனியாகக் கூப்பிட்டு, "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அதற்கே அவன் அழுதுவிட்டான்.

இரண்டு நாள் கழித்து, கல்லூரி ஆலோசகர் மூலமாக அவன் எங்கள் குடும்பச் சேவை நிலையத்துக்கு வந்தான். 2025 பிப்ரவரி மாதம். வயது 17, நான்கு மாதம். நான் அவனுடைய சமூக ஊழியர். இந்த எழுத்தில் அவனைத் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிட்டேன். அடையாளம் தெரியாமலிருக்க வீட்டு விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையையும், நாங்கள் எங்கே தவறினோம் என்பதையும் மாற்றவில்லை. முதல் மூன்று வாரம் நான் பையனுக்கு என்ன கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன். அவனுக்குக் கதவைத் திறந்துவிட்ட பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை எழுத அதுதான் காரணம்.

வீட்டு நிலவரம்

ஈசூனில் ஒரு மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. அம்மா, மாற்றாந்தந்தை, அவர்களுக்குப் பிறந்த இரண்டு சின்னப் பிள்ளைகள், தம்பி. சொந்த அப்பா பிரிந்து மலேசியாவுக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது; தொடர்பு இல்லை. மாற்றாந்தந்தை லாரி ஓட்டுகிறார். குடிக்காத நாளில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவார், கடைக்குக் கூட்டிப்போவார் என்று தம்பியே சொன்னான். குடித்த நாளில் கை நீளும். முதலில் அம்மா மேல், பிறகு தடுக்கப் போன இவன் மேல்.

தை பிறந்து இரண்டாவது வாரத்தில் ஒரு இரவு. இடுப்பு வாரால் அடித்திருக்கிறார். பக்கிள் பட்ட இடம் இடது தோளில் பிறை மாதிரித் தெரிந்தது. நான் பார்த்தபோது மஞ்சளாக மாறியிருந்தது. தம்பி பள்ளிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அதிலிருந்து சித்தி வீட்டுக் கதவைத் தட்டிய நாள் வரை பதினோரு இரவு. நான்கு இரவு நண்பன் வீட்டில். நண்பனின் அம்மா நல்லவர்தான், ஆனால் ஐந்தாம் நாள், "உன் அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டதும் இவனுக்குக் கூச்சம் வந்துவிட்டது. இரண்டு இரவு புளோக் கீழ்த்தளத்தில், கல் மேசைமேல் தலை வைத்தபடி. மீதி ஐந்து இரவு 24 மணி நேரமும் திறந்திருக்கும் ஒரு உணவுக் கடையின் மூலை நாற்காலியில். காலையில் கல்லூரிக் கழிவறையில் முகம் கழுவிக்கொள்வான். போனுக்குச் சார்ஜும் கல்லூரியில்தான்.

கடைசியில் சித்தியிடம் போனான். அம்மாவின் தங்கை. புக்கிட் மேரா பக்கம் ஈரறை வாடகை வீடு. அதாவது ஒரு படுக்கையறை, ஒரு கூடம். கணவர் விட்டுப் போய்விட்டார். மகள் தொடக்கப்பள்ளி 5 படிக்கிறாள். சித்தி உணவங்காடி நிலையத்தில் ஒரு கடையில் உதவியாளர். காலை 6 மணிக்குப் போனால் மதியம் 2 மணிக்குத் திரும்புவார். மாதம் 1,250 வெள்ளி.

முதல் கேள்வி: பாதுகாப்பா இல்லையா

இந்த மாதிரி வழக்கில் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பாதுகாப்பைப் பார்த்தாக வேண்டும். சிறுவர், இளையர் சட்டம் முன்பு 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத்தான் பராமரிப்பும் பாதுகாப்பும் தந்தது. 2019 செப்டம்பரில் நாடாளுமன்றம் அதைத் திருத்தி 18 வயதுக்குக் கீழ் என்று உயர்த்தியது. 2020 ஜூலை முதல் நடைமுறை. அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் தம்பி இந்தச் சட்டத்தின் கண்ணுக்கே பட்டிருக்க மாட்டான். பதினாறும் பதினேழும் ஆன பிள்ளைகளை எத்தனை வருடம் அப்படி விட்டிருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் சிறுவர் பாதுகாப்புச் சேவைக்குத் தகவல் சொன்னோம். அவர்கள் வந்து பேசினார்கள், காயத்தைப் பார்த்தார்கள், மருத்துவமனையில் பதிவு செய்ய வைத்தார்கள். ஈசூன் வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளைகளையும் தனியாகப் போய்ப் பார்த்தார்கள். தம்பிக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று இல்லம் அல்லது வளர்ப்புக் குடும்பம். இன்னொன்று நம்பகமான உறவினர் வீடு.

இல்லம் என்றதும் தம்பியின் முகம் மாறிவிட்டது. "பாய்ஸ் ஹோமாக்கா? நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றான். அவன் மனதில் இருந்தது, குற்றம் செய்த பையன்களை இளையர் நீதிமன்றம் அனுப்பும் சிங்கப்பூர் சிறுவர் இல்லம். நம் ஆட்களில் பெரியவர்களுக்கே இந்தக் குழப்பம் உண்டு. இல்லம் என்றாலே தண்டனை என்று நினைத்துக்கொள்கிறோம். பார்ட்லி ரோட்டில் ராமகிருஷ்ண மிஷன் நடத்தும் சிறுவர் இல்லம், போருக்குப் பிறகு பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. வளர்ப்புக் குடும்பத் திட்டம் இந்த ஊரில் 1956லிருந்தே இருக்கிறது. அதையெல்லாம் நான் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான், ஆனால் அசையவில்லை. சித்தியைக் கேட்டோம். "என் அக்கா பிள்ளைம்மா. எங்க போவான்?" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்து நாங்கள் எல்லாரும் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விட்டோம்.

அடிப்பவரைத் தடுக்க நீதிமன்றம் தரும் பாதுகாப்பு ஆணை பற்றியும் சொல்ல வேண்டும். குடும்ப விவகாரங்களுக்கான சட்டமான மாதர் சாசனத்தில் செய்த திருத்தம் 2025 ஜனவரி 2ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது, தனக்காகத் தானே தனிநபர் பாதுகாப்பு ஆணை கேட்கும் வயது 21லிருந்து 18க்குக் குறைந்தது. தம்பிக்கு அப்போதும் எட்டு மாதம் குறைவு. ஆனால் 18க்குக் கீழ் உள்ளவருக்காக உறவினர் விண்ணப்பிக்கலாம். சித்தி கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். தம்பிதான் வேண்டாம் என்றான். ஆணை வந்தால் அந்தக் கோபம் அம்மா மேல் இறங்கும் என்று பயந்தான். நான் அவனை வற்புறுத்தவில்லை. 1800-777-0000 என்ற வன்முறை உதவி எண்ணை அவன் போனிலும் சித்தி போனிலும் போட்டுக் கொடுத்தேன். அம்மாவிடம் எழுதிக் கொடுக்க முடியாது என்பதால் மனப்பாடம் செய்ய வைத்தோம். அது சுலபமான எண்தான். 1800க்குப் பிறகு மூன்று ஏழு, நான்கு சைபர்.

நான் செய்த தவறு

தம்பிக்கு உதவித்தொகை வாங்க வேண்டும். படிப்பு உதவி எதற்கு விண்ணப்பித்தாலும் பெற்றோர் வருமானச் சான்று கேட்கும். திருமணம் ஆகாத மாணவன் என்றால் கணக்கு பெற்றோரிலிருந்துதான் தொடங்கும். அம்மாவைப் போனில் பிடிக்க முடியவில்லை. அதனால் ஈசூன் வீட்டு முகவரிக்கு, வருமான ஆவணங்கள் வேண்டும் என்று ஒரு கடிதம் அனுப்பினேன். வழக்கமான படிவக் கடிதம்தான்.

கடிதத்தைப் பிரித்தவர் மாற்றாந்தந்தை. அதில் எங்கள் நிலையத்தின் பெயர் இருந்தது. நிலையம் எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, தம்பி சித்தி வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டார். அன்று இரவு 10 மணிக்கு சித்தியின் புளோக்குக்கு வந்து, கீழிருந்தே கத்தியிருக்கிறார். வீட்டுக்குள் வரவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டி போலீசைக் கூப்பிட்டார். அதற்குள் தாழ்வாரம் முழுக்கக் கதவு திறந்து பார்த்துவிட்டார்கள். சித்தி மகள் அடுத்த நாள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுதாள்.

அந்தக் கடிதத்தை நான் அனுப்பியிருக்கக் கூடாது. வன்முறை உள்ள வீட்டுக்குத் தபால் அனுப்பும் முன் அதைப் பிரிக்கப்போவது யார் என்று யோசிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அவசரத்தில் தவறவிட்டேன். சித்தியிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவன வச்சுக்க எனக்குக் கஷ்டம் இல்லம்மா. ஆனா என் வீடு போயிடுச்சுன்னா?" என்றார். அப்போதுதான் நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன் என்று சொல்ல வேண்டும்.

சித்தியின் கணக்கு

அவருடைய பயம் அந்த இரவில் ஆரம்பித்ததில்லை. தம்பி வந்த முதல் நாளிலிருந்தே இருந்தது. வீவக வாடகை வீட்டில், ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் தங்கக் கூடாது. சித்தியின் ஒப்பந்தத்தில் இரண்டு பெயர்தான், அவரும் மகளும். போலீஸ் வந்து போன பிறகு வீவக அதிகாரி வருவாரோ என்று தூங்கவில்லை. அடுத்த பயம், பையனின் பகுதிநேரச் சம்பளமும் சேர்ந்தால் வாடகை கூடிவிடுமோ, மகளுக்குக் கிடைக்கும் பள்ளி உதவி நின்றுவிடுமோ என்பது. முதல் முறை வாடகை வீடு எடுக்கும் குடும்பம் என்றால் ஈரறைக்கு, வருமானம் 800 வெள்ளிக்குள் இருந்தால் 44 முதல் 75 வெள்ளி வரை. 801லிருந்து 1,500 வரை இருந்தால் 123 முதல் 165. இந்தத் தாவலை அவர் ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்தவர். கூடுதல் வேலை எடுத்தபோது வாடகை ஏறியது.

மூன்றாவது, யாரிடமும் அவர் சொல்லாதது. அரிசி மூட்டை பாதி மாதத்தில் தீர்ந்தது. தண்ணீர், மின்சாரக் கட்டணம் 60 சொச்சத்திலிருந்து 90ஐத் தாண்டியது. பதினேழு வயதுப் பையன் சாப்பிடுவான், குளிப்பான், இரவு முழுக்க விசிறி போடுவான். "கணக்குப் பாக்குறேன்னு நெனைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அந்தக் காகிதத்தையே எடுத்துக் காட்டினார்.

அன்று சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியில் கிழித்த ஒரு தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். இப்போது வருமானம் 1,250, ஆள் இரண்டு, தலைக்கு 625. தம்பி பெயரைச் சேர்த்து, அவன் சம்பளத்தைச் சேர்க்காவிட்டால் ஆள் மூன்று, தலைக்கு 417. அவன் மாதம் 600 வெள்ளி சம்பாதிப்பதையும் சேர்த்தால் 1,850, தலைக்கு 617. எப்படிப் பார்த்தாலும் தலைக்கு வருமானம் முன்பைவிடக் கூடவில்லை. கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்துக்கு 2025லிருந்து வரம்பு, குடும்ப வருமானம் 4,000 வெள்ளி அல்லது தலைக்கு 1,000 வெள்ளி. மகளின் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை, உணவு எதுவும் நிற்காது. அவர் தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார். பிறகு மடித்து சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

பெயரை மறைத்து வைப்பதுதான் பாதுகாப்பு என்று நினைத்தவருக்கு, பெயரைச் சேர்ப்பதுதான் பாதுகாப்பு என்று ஆனது. ஆனால் அதை நான் வாயால் சொல்லி அவர் நம்பியிருக்க மாட்டார். எண்ணைப் பார்த்துத்தான் நம்பினார்.

முகவரி எங்கேயோ பணம் அங்கே

வீட்டை விட்டு வந்த இளையருக்கு இங்கே உதவியே இல்லை என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. உதவி இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அது ஆளைத் தேடி வருவதில்லை, குடும்பத்தைத் தேடி வருகிறது. குடும்பம் எது என்று பார்க்க முதலில் எடுப்பது அடையாள அட்டையில் உள்ள முகவரி. தம்பியின் முகவரி ஈசூன். அதனால் அவன் கீழ்த்தளத்தில் தூங்கிய இரவிலும் காகிதத்தில் அவன் ஐந்து பேர் உள்ள குடும்பத்தின் உறுப்பினர். 2025 ஜனவரியில் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு வந்த 300 வெள்ளி சிடிசி (சமூக மேம்பாட்டு மன்றப்) பற்றுச்சீட்டு ஈசூன் வீட்டுக்குத்தான் போனது. மே மாதம் 500 வெள்ளி வந்தபோது அவன் முகவரி மாறியிருந்தது. ஆனாலும் சித்தி வீட்டுக்கு அதனால் ஒரு வெள்ளிகூடக் கூடவில்லை, ஏனென்றால் அது வீட்டுக்கு இவ்வளவு என்பது, தலைக்கு இவ்வளவு என்பதில்லை. அதில் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் வீட்டில் செலவு தலைக்கணக்கில் ஏறுகிறது, வரவு வீட்டுக்கணக்கில் நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

தனியாக அறை எடுக்கலாமே என்று தம்பிக்கே ஒரு யோசனை இருந்தது. நண்பனோடு சேர்ந்து பார்த்தும் வைத்திருந்தான். 2009 மார்ச் முதல் பெரும்பாலான ஒப்பந்தங்களை 18 வயதில் செய்யலாம். பதினேழில் கையெழுத்து நிற்காது என்று எந்த வீட்டுக்காரருக்கும் தெரியும். வீவக அறையை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடவும் முடியாது. அவர்கள் கேட்ட வாடகை 800 வெள்ளி. தம்பியின் மாதச் சம்பளம் 600. சொந்தமாக வீவக வீடு வாங்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை. பெற்றோர் இல்லாதவர் என்றால் 21, மற்ற தனியாள்களுக்கு 35 வயது. பெற்றோர் உயிரோடு இருந்தும் வீடு இல்லாத பிள்ளை அந்த இரண்டு வரிசையிலும் நிற்க முடியாது.

ஆகவே சித்தி வீடு உடைந்தால் வேறு வீடு இல்லை. இதை நான் மூன்றாம் வாரத்தில் புரிந்துகொண்டேன். முதல் நாளே புரிந்திருக்க வேண்டும்.

செய்தவை

சித்தியோடு வீவக கிளை அலுவலகத்துக்குப் போனோம். சிறுவர் பாதுகாப்புச் சேவையின் கடிதம் கையில் இருந்தது. ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னோம். தம்பி பெயரைக் குடியிருப்பவராகச் சேர்க்க ஒப்புதல் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் கடிதத்தின் நகலை சித்தி கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்தார், யாராவது வந்தால் காட்டுவதற்கு.

அடுத்தது முகவரி மாற்றம். குடிமாறி 28 நாளுக்குள் குடிநுழைவு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு வழியாகத் தம்பி அவனே செய்தான். புதிய முகவரிக்கு ரகசிய எண்ணோடு ஒரு கடிதம் வரும். அதை உள்ளிட்டால்தான் மாற்றம் முடியும். தினமும் மாலை தபால் பெட்டியைத் திறந்து பார்த்தான் என்று சித்தி மகள் சொன்னாள். கடிதம் வந்த அன்று எனக்குப் படம் எடுத்து அனுப்பினான். உறைமேல் அவன் பெயர், கீழே சித்தி வீட்டு எண். எனக்கு அது சாதாரணத் தபால். அவனுக்கு அப்படி இல்லை.

பிறகு சமூகச் சேவை அலுவலகம். இங்கேதான் பழைய வழியை விட்டோம். தம்பிக்கு என்று தனியாகக் கேட்காமல், சித்தியைத் தலைவராக வைத்து மூன்று பேர் குடும்பமாக, அரசாங்க உதவித் திட்டமான காம்கேரின் குறுகிய, நடுத்தர கால உதவிக்கு விண்ணப்பித்தோம். ஆறு மாதத்துக்குக் கிடைத்தது. தொகை பெரிதில்லை, ஆனால் அதில் தண்ணீர், மின்சாரக் கட்டணத்துக்கும் உதவி இருந்தது. அந்த 90 வெள்ளிக் காகிதம்தான் அந்த வீட்டில் எல்லா மனத்தாங்கலுக்கும் காரணம். அது போனதும் சித்தி விசிறியைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்.

படிப்பு உதவி இழுத்தது. பெற்றோர் வருமானச் சான்று இல்லை என்று விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. ஆசிரியரும் ஆலோசகரும் கல்லூரியின் சொந்த உதவி நிதியிலிருந்து அந்தப் பருவத்தைச் சமாளித்தார்கள். எங்கள் கடிதத்தையும் அமைச்சின் கடிதத்தையும் சேர்த்து இரண்டாவது முறை அனுப்பியபோது ஏற்றுக்கொண்டார்கள்.

சம்பள விஷயம் தனிக்கதை. தம்பி வார இறுதியில் ஒரு கடையில் வேலை செய்தான். 600 வெள்ளி என்று சொல்லிச் சேர்த்தார்கள், கையில் வந்தது 539. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று கொதித்துப்போய் வந்தான். சம்பளச் சீட்டை விரித்து வைத்துப் பார்த்தோம். ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு 60, இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு 1. மாதச் சம்பளம் 500ஐத் தாண்டினால் ஊழியர் பங்கு பிடிக்க ஆரம்பிக்கும். 600க்கு அது 60தான். அதற்கு மேல் முதலாளி தன் பங்காக 102 வெள்ளி போட்டிருக்கிறார். "அந்த 162ம் உன் பேர்லதான் இருக்கு" என்றேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை, போனில் திறந்து பார்த்தான். அந்த ஒரு வெள்ளியைப் பற்றியும் கேட்டான். இந்தியர்களின் சம்பளத்திலிருந்து 1991இல் உருவான சிண்டாவுக்குப் போகும் பங்கு, உன் தங்கச்சி போகும் துணைப்பாட வகுப்பு அதில்தான் நடக்கிறது என்றேன். "அப்போ சித்தியும் குடுக்கறாங்களா?" என்றான். ஆமாம், அவர் சம்பளத்துக்கு 3 வெள்ளி. அவன் கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. சம்பளம் போன வங்கிக் கணக்கு, சின்ன வயதில் அம்மா பெயரும் சேர்த்துத் திறந்தது. பிப்ரவரி மாதச் சம்பளத்திலிருந்து 300 வெள்ளி எடுக்கப்பட்டிருந்தது. எடுத்தவர் அம்மா, எடுக்க வைத்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தம்பி தன் பெயரில் மட்டும் ஒரு கணக்கைத் திறந்து, கடைக்குப் புதிய எண்ணைக் கொடுத்தான். இதைச் செய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வீட்டை விட்டு வரும் பிள்ளையிடம் முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டிய கேள்வி இது: உன் சம்பளம் எந்தக் கணக்குக்குப் போகிறது, அதில் வேறு யார் பெயர் இருக்கிறது? நான் ஐந்தாவது சந்திப்பில் கேட்டேன்.

குடும்பக் கூட்டம், அம்மா

நடுவில் ஒரு குடும்பக் கூட்டம் வைத்தோம். பெரிய மாமா வந்திருந்தார். "அப்பன் அடிச்சா என்ன, நாங்கல்லாம் வாங்கலையா? வீட்டு விஷயத்த ஆபீஸ் வரைக்கும் கொண்டாந்துட்டான்" என்றார். நம் வீடுகளில் இந்தக் குரல் இல்லாத கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. அவரை எதிர்த்துப் பேசினால் கூட்டம் முடிந்துவிடும். அதனால் தோள்பட்டைக் காயத்தின் மருத்துவக் குறிப்பை அவரிடமே கொடுத்து, எல்லாருக்கும் படித்துக் காட்டச் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டார். அதன் பிறகு அவர் ஆலோசனை சொல்லவில்லை. கிளம்பும்போது சித்தி கையில் 50 வெள்ளியை வைத்து அழுத்திவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாதா மாதம் கொடுக்கிறார்.

அம்மாவைப் பற்றி எழுதாமல் இந்த ஆய்வு முடியாது. 21 வயது வரை பிள்ளையைப் பராமரிக்கும் கடமை பெற்றோருக்கு உண்டு என்று மாதர் சாசனம் சொல்கிறது. பிள்ளையை வைத்திருப்பவர் பராமரிப்புத் தொகை கேட்டு நீதிமன்றம் போகலாம். சித்தி தன் அக்கா மேல் வழக்குப் போடுவாரா? அந்தப் பேச்சை நான் எடுத்த வேகத்தில் மடித்து வைத்துவிட்டேன்.

வேறொரு வழி தானாக வந்தது. ஈசூனில் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்கு அம்மா வெள்ளிக்கிழமை போவது வழக்கம். அதை மாற்றாந்தந்தை தடுப்பதில்லை. தம்பியும் அங்கே போக ஆரம்பித்தான். அன்னதானம் முடிந்ததும் மண்டப ஓரத்தில் அரை மணி நேரம். அம்மா ஒரு துணிப்பையில் பருப்பு, எண்ணெய், மீன் பொரித்து ஒரு டப்பாவில். ஒருமுறை என்னையும் வரச் சொன்னார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நான் அவனத் தொரத்தலன்னு அவனுக்குத் தெரியுமாம்மா?" அதை அவனிடமே கேளுங்கள் என்று இருவரையும் விட்டுவிட்டு வெளியே வந்தேன். தூணுக்கு அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஏப்ரல் கடைசியில், எங்கள் சக ஊழியர் ஒருவரோடு அம்மாவுக்குத் தனி வழக்கு திறந்தோம். அது அவர் கேட்டு நடந்தது.

மறுபார்வையில்

உறவினர் வீட்டில் தங்க வைப்பதை நாங்கள் எளிதான முடிவாகப் பார்க்கிறோம். பிள்ளைக்குப் பழகிய சாப்பாடு, பழகிய மொழி, சொந்த ரத்தம். எல்லாம் உண்மைதான். ஆனால் அரசாங்கத்தின் வளர்ப்புக் குடும்பத்துக்குப் பயிற்சி உண்டு, மாதப் படி உண்டு, கூப்பிட ஓர் அதிகாரி உண்டு. இரவு 11 மணிக்குக் கதவைத் திறக்கும் சித்திக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவரிடம் "முடியுமா?" என்று கேட்கிறோம், அவர் முடியாது என்று சொல்ல மாட்டார், நம் ஆட்களுக்கு அது வாயில் வராது. முடியும் என்ற பதிலை வைத்துக்கொண்டு வழக்கை நிலையானது என்று எழுதுகிறோம். பல வழக்குகளில் மூன்றாம் மாதம் அந்த வீடு உடைகிறது. அப்போது, பையன் அடங்கவில்லை என்று காகிதத்தில் ஏறும். அரிசி தீர்ந்தது ஏறாது.

இப்போது என் வழக்குப் படிவத்தில் நானே ஒரு பக்கம் சேர்த்துக்கொண்டேன். அதில் பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எல்லாம் வீட்டைத் திறந்தவரைப் பற்றி: ஒப்பந்தத்தில் எத்தனை பெயர், போன மாத மின்சாரக் கட்டணம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு, யார் எங்கே படுக்கிறார்கள், உங்கள் பிள்ளை இதைப் பற்றி என்ன சொல்கிறது. கடைசிக் கேள்வியைச் சித்தி மகளிடம் நான் கேட்டபோது, "அண்ணன் இருந்தா நல்லாருக்கு. ஆனா நான் டிரஸ் மாத்த பாத்ரூம்லதான் மாத்தணும்" என்றாள். பதினோரு வயது. அடுத்த வாரம் கூடத்துக்குக் குறுக்கே கம்பி கட்டித் திரை போட்டோம். 28 வெள்ளி செலவு. இந்த வழக்கில் செய்த எல்லாவற்றிலும் விலை குறைந்தது அதுதான்.

தம்பிக்கு 2025 அக்டோபரில் 18 ஆனது. சிறுவர் பாதுகாப்புச் சேவை தன் பக்கம் கோப்பை மூடியது. படிப்பு முடித்துவிட்டான், தேசிய சேவைக்குக் காத்திருக்கிறான். சுற்றிலும் எல்லாரும், இனி ராணுவம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்கிறார்கள். 2025 ஜூலையிலிருந்து புதிதாகச் சேரும் வீரருக்கு மாதம் 790 வெள்ளி படி. ராணுவப் பயிற்சித் தீவான புலாவ் தேக்கோங்கில் சாப்பாடு, படுக்கை. ஆனால் வார இறுதியில் முகாமிலிருந்து வெளியே விடுவார்கள். மற்ற பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது, போக வீடில்லாத பையனுக்கு அந்த இரண்டு இரவுதான் சோதனை. தம்பிக்கு அந்த இரண்டு இரவும் புக்கிட் மேராவில்தான்.

சித்தியின் வாடகை ஒப்பந்தம் அடுத்த வருடம் புதுப்பிக்க வருகிறது. மகளுக்குப் பன்னிரண்டு ஆகிவிடும், ஒரு திரை போதாது. வீவக அலுவலகத்துக்குப் போக நாள் குறித்திருக்கிறோம். போன வாரம் போனில் பேசியபோது சித்தி, தம்பிக்கு மடக்கு மெத்தை ஒன்று பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். தேக்கா பக்கம் ஒரு கடையில், கொஞ்சம் தடிப்பானது. "அங்க ஓடி ஓடி முதுகு வலிக்கும்ல" என்றார்.